சுருங்கியது எது?

வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் சந்தை சுருங்குகிறதாம், பிள்ளைகள் தப்பினார்களாம். இவ்வாறு மகிழ்வோர் ஆசிரியரிடையேயும் உளர். எக்ஸ்பொக்ஸின் விற்பனை வீழ்ந்தது மெய்யே. ஆனால் 2000ஆம் ஆண்டின் பிளேஸ்டேஷன் 2 ஏறத்தாழ 16 கோடி விற்றதென்றால், 2017இல் வந்த நின்டென்டோ சுவிட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. சாகும் சந்தையின் கணக்கா இது?

மாறியது விலையின் போக்கு. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்து, 2009இல் 99 டொலருக்கு இறங்கிற்று. நாட்பட நாட்பட மலிவதே அன்றைய வழக்கம். 2020இல் 499 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025இல் 549 டொலராக ஏறிற்று! இங்கோ, 2022இல் ரூபா சரிந்தபோது அந்த 499 டொலர், வரி நீங்கலாகவே, ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதினாயிரமாயிற்று. கோப்பாய்த் தோட்டக்காரர் மகனுக்கு அச்சந்தை சுருங்கவில்லை, திறக்கப்படவே இல்லை. (1990களில் பற்றரிக்கே தடையிருந்த மண்ணல்லவா இது!)

அவன் கையிலிருப்பது தொலைபேசி. உலக விளையாட்டு வருவாயில் ஏறத்தாழப் பாதி அதன் வழியே சேர்கிறது. ஆட்டம் இலவசம், ஆயுதத்துக்கும் உடைக்கும் காசு. உள்ளிருப்பது தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் வேறு. பெட்டி விற்ற வணிகன் ஒருமுறை வாங்கினான். இவன் நாள்தோறும் பிடுங்குகிறான். அப்பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமென்றே பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் முடிவு செய்தது. மகிழும் நண்பர்கள் அத்தகைய தடையை இங்கும் கோரி ஒரு மனுவேனும் எழுதட்டும்.