சாவி இருந்தால் நுழையலாமா?

அட்வான்ஸ் கொடுக்கிறோம். மாதம் பிறந்தால் வாடகையும் கொடுக்கிறோம். ஆனாலும் சில வீட்டுக்காரர்கள், "என் வீடுதானே!" என்று திடீரென்று உள்ளே வந்துவிடுகிறார்கள்.

உள்ளே ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருப்பாள். வயதுப்பெண் தலை துவட்டிக்கொண்டு இருப்பாள். கதவைத் தட்டக்கூடாதா?

கேட்டால், "வீட்டைக் காலி செய்" என்பாரோ என்று பயம். அதனால் பலர் வாயைத் திறப்பது இல்லை.

பயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம், 2019-ல் நடைமுறைக்கு வந்தது. பழுது பார்க்கவோ, வீட்டைப் பார்வையிடவோ வருவதானால், 24 மணி நேரத்துக்கு முன்பே வீட்டுக்காரர் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். என்ன காரணம், எந்த நாள், எத்தனை மணி என்பதும் அதில் இருக்கவேண்டும்.

ஒப்பந்தக் காலத்தில் நினைத்த உடனே வெளியேற்றவும் முடியாது. அதற்கு வாடகைக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். கோபத்தில் தண்ணீரையோ, மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. நிறுத்தினால், வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கூரை ஒழுகினால் அவர் பார்த்துத்தானே சரிசெய்ய முடியும்? முறைப்படி சொல்லிவிட்டு வருகிறவரைத் தடுப்பது தவறு.

ஆகவே, குடிபோகும்போதே ஒப்பந்தம் எழுதுங்கள். அதைப் பதிவும் செய்யுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையவை. உள்ளே நடக்கும் குடித்தனம் குடியிருப்பவருடையது. கதவைத் தட்டிவிட்டு வந்தால், யாருக்கும் மதிப்புக் குறைந்துவிடாது!