பொருந்துகின்ற பிளக் எல்லாம் சரியான பிளக் அல்ல

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கட்டும். முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி தேடி அலைந்தவன் நான். அந்த அலைச்சலின் பெரும்பகுதி ஒரே வண்டியில்தான் நடந்தது. யப்பானில் தபாற்காரர் ஓட்டிக் கழித்தபின் கப்பலேறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த ஹொண்டா எம்.டி. 90 அது. இன்றும் என் வீட்டு விறாந்தையில் நிற்கின்றது, இன்றும் ஓடுகின்றது. அது ஓடுவதை நிறுத்துவதற்கு நமது உதிரிப்பாகக் கடைகள் எடுத்துவரும் விடாமுயற்சியைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

சென்ற மாதம் ஒரு கடைக்குச் சென்று பிளக் ஒன்று கேட்டேன். ('தீப்பொறிச் செருகி' என்று எழுத எனக்கும் தெரியும். அப்படிக் கேட்டால் கடைக்காரர் என்னைத் தமிழ்த்தினப் போட்டிக்கு நடுவராக அனுப்பிவிடுவார் என்பதால் பிளக் என்றே எழுதுகின்றேன்.) எந்த வண்டி, எந்த ஆண்டு, பழைய பிளக்கில் என்ன இலக்கம் என்று எதுவும் கேளாமலே கடைப் பையன் ஒரு பெட்டியை நீட்டினான். "உது எல்லாத்துக்கும் சரிவரும் ஐயா" என்றான். சரிவராது தம்பி என்றேன். அருகில் நின்ற மெக்கானிக் சிரித்தார். "மரை பிடிச்சால் சரிதானே அண்ணை. நாங்கள் மண்ணெண்ணெயிலை ஓடின ஆக்கள் எல்லோ?"

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

ஆம், மண்ணெண்ணெயில் ஓடினோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபின், குடாநாட்டில் பெற்றோல் என்பது சிறு போத்தலில் சட்டைப் பையில் கொண்டுதிரியும் பொருளாயிற்று. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைப்போம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. அரைகுறையாய் எரிந்து பிளக்கின் மூக்கில் கரியாய்ப் படியும். கிழமைக்கு இருதடவை கழற்றுவோம், கம்பியால் சுரண்டுவோம், அடுப்புத் தணலில் சுட்டெடுத்து மீண்டும் பூட்டுவோம். புதியது கிடைக்காது. கிடைத்த பழையது எந்த வண்டியினுடையது என்று கேட்கும் வசதியும் எவருக்கும் இருக்கவில்லை. மரை பிடித்தால் பூட்டினோம். அதனால் எத்தனை எஞ்சின்கள் செத்தன என்ற கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. நாம் கதைப்பது ஓடிய வண்டிகளைப் பற்றி மட்டுமே.

அன்று அது வேறு வழியின்மை. அதற்கு நாம் சூட்டிய பெயர் கெட்டித்தனம். ஏற்றுக்கொள்கின்றேன், கெட்டித்தனந்தான். ஆனால் சரியான பிளக் கடைத் தட்டில் தூசு படிந்து கிடக்கும் இன்றைய நாளில், அதே பழக்கத்தை அதே பெயரால் அழைப்பது சோம்பலுக்குப் போர்த்தும் பொன்னாடையன்றி வேறென்ன?

பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் எழுத்துகள் அலங்காரத்துக்கானவை அல்ல. என்.ஜி.கே. பிளக் ஒன்றில் C7HSA என்று இருந்தால், முதலெழுத்து மரையின் விட்டம் 10 மில்லிமீற்றர் என்று சொல்கின்றது. D என்றால் 12, B என்றால் 14. H என்பது மரையின் நீளம் 12.7 மில்லிமீற்றர். அவ்விடத்தில் E இருந்தால் 19. விட்டம் பிழைத்தால் பூட்டவே முடியாது, ஆகவே அதில் எவரும் தவறுவதில்லை. நீளம் பிழைத்தாலோ பூட்டலாம். அங்கேதான் கேடு. நீளமான பிளக்கைக் குறுகிய துளையில் பூட்டினால் அதன் முனை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதிர்ஷ்டம் இல்லாதவனுக்குப் பிஸ்டன் வந்து மோதும். அதிர்ஷ்டசாலிக்கோ, நீட்டிய மரையில் கரி இறுகி, கழற்றும் நாளில் அலுமினியத் தலையின் மரையையும் உரித்துக்கொண்டு வெளியே வரும். அதன்பின் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

நடுவில் நிற்கும் அந்த 7 தான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. 'சூட்டுப் பிளக்' போட்டால் பொறி சூடாக இருக்கும், 'குளிர்ப் பிளக்' போட்டால் எஞ்சின் குளிராக ஓடும் என்று தொழிலில் ஊறியவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றேன். இரண்டும் தவறு. பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எரியறையில் தன் மூக்கு வாங்கும் வெப்பத்தைப் பிளக் எவ்வளவு விரைவாக எஞ்சின் தலைக்குக் கடத்திவிடுகின்றது என்பதையே அந்த எண் குறிக்கின்றது. மூக்கு சுமார் 450 பாகைக்குக் கீழே இருந்தால் தன்மேற் படியும் கரியை எரித்துத் தள்ள அதனால் இயலாது. 850 பாகையைத் தாண்டிச் சென்றாலோ, பொறி பிறக்கும் முன்னரே அந்த மூக்கே தணற்கட்டையாகிக் கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வெடிப்பு நிகழ்ந்தால் என்னவாகும் என்பதற்கு மெக்கானிக் சான்றிதழ் தேவையில்லை.

எங்கள் பகுதிக்கு மீன் கொண்டுவரும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கின்றேன். பருத்தித்துறைக் கரையில் மீன் எடுத்து, பின்னால் றெஜிபோம் பெட்டி கட்டி, விடியமுன் சாவகச்சேரி வரை ஓடுபவர். வண்டி பழைய இருவீச்சு எஞ்சின். அதற்குரியது என்.ஜி.கே. 8 ஆம் எண். கடையில் "எட்டு" என்று கேட்டார், எட்டும் கொடுத்தார்கள், வேறொரு தயாரிப்பின் எட்டு. என்.ஜி.கே.யில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி கூடும். போஷ், சம்பியன் முதலியவற்றில் எண் கூடக்கூடச் சூடு கூடும். (போதாக்குறைக்கு, போஷின் பழைய 175, 225 என்ற மூன்றிலக்க முறையில் திசை இதற்கும் எதிர்மாறு.) ஒரே எட்டு, இரு துருவங்கள். மூன்றாம் நாள், பாரத்தோடு வெயிலேறித் திரும்புகையில் வண்டி நடுவீதியில் நின்றது. பிஸ்டனின் தலையில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. அன்றைய மீன் போயிற்று, அடுத்த இரண்டு கிழமை உழைப்பும் போயிற்று. விற்ற கடையில் கிடைத்த பதில், "வண்டி பழசு, அதுதான்."

வண்டி பழசு! 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை புது வண்டியின் முகமே காணாத நாட்டில் பழைய வண்டி என்பது ஒருவரின் குற்றமா? 2022 இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, அந்த 4 லீற்றரில் மீனையும் மரக்கறியையும் ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தவை இந்தப் பழைய வண்டிகள்தாம்.

இனி, இரிடியம். எனக்கும் ஒன்று விற்றார்கள். என் எம்.டி. 90 இடையிடையே விக்கியபோது, சாதாரண பிளக்கின் பல மடங்கு விலையில், "இழுவை கூடும், பெற்றோல் மிச்சம்" என்ற ஆசீர்வாதத்துடன். இரிடியம் நல்ல உலோகம், மறுக்கவில்லை. 2400 பாகைக்கு மேற்தான் உருகும் என்பதால் முனையை ஊசிபோல் மெல்லியதாகச் செய்யலாம், அதனால் குறைந்த மின்னழுத்தத்திலும் பொறி பாயும், தேய்வும் குறைவு. நலிந்த கொயில் உள்ள வண்டி காலையில் ஓருதை குறைவாக உதைபட்டுக் கிளம்பக்கூடும். அவ்வளவே. ஒழுங்காகப் பற்றியெரியும் கலவையை இன்னும் கூடுதலாகப் பற்றவைக்க எந்த உலோகத்தாலும் ஆகாது. என் வண்டியின் விக்கல் மாறவுமில்லை. நோய் பிளக்கில் இருக்கவில்லை. பொயின்றுடன் இருக்கும் கொண்டென்சர் செத்திருந்தது. அந்தச் சிறு தகரக் குப்பியை மாற்றியதும், கழற்றி வைத்திருந்த பழைய பிளக்கிலேயே வண்டி பாடத் தொடங்கிற்று.

நாற்பது வயது எஞ்சின் கொஞ்சம் ஒயிலும் குடிக்கும். அந்தக் கரி இரிடியம் என்று பார்த்து ஒதுங்குவதில்லை. சாதாரண பிளக்கைப் பித்தளைத் தூரிகையால் துடைத்து மீண்டும் போடலாம். இரிடியத்தின் ஊசிமுனையில் கம்பித் தூரிகை பட்டால் அதன் கதை முடிந்தது.

பிளக்கைக் கழற்றினால் முதலில் அதைப் பாருங்கள் என்பதே மெக்கானிக்குகளிடம் எனக்குள்ள வழக்கு. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம். ஈரக் கறுப்பு என்றால் ரிங்கோ வால்வோ ஒயிலை விடுகின்றது. வெளிறிக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகம், அல்லது பற்றும் நேரம் முந்திவிட்டது. இளம் மண்ணிறம் என்றால் மூடிவிட்டு வேறிடம் தேடுங்கள். நாக்கைப் பாராமல் மருந்தெழுதும் வைத்தியரிடம் நாம் போவோமா? ஆனால் கழற்றிய கையோடு பழையதைக் குப்பைக்குள் எறிந்துவிட்டுப் புதியதைத் திருகும் மெக்கானிக்கிடம் போகின்றோம்.

அப்படியாயின் என் வண்டிக்குரிய இலக்கம் என்ன என்று கேட்டுச் சிலர் எழுதுவீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நாளையே நாலு பேர் அதை வாங்கிச் சென்று வேறு நாலு வண்டிகளில் பூட்டுவார்கள். உங்கள் வண்டியின் கைநூல் எங்காவது இருக்கும், இல்லையேல் அதே மாதிரி வண்டியை இருபது வருடமாக ஓட்டும் ஒருவர் இருப்பார். இலக்கம் தெரிந்தபின், கையால் இறுகும்வரை திருகி, புது வோசர் என்றால் சாவியால் அரைச் சுற்று மட்டும் கொடுங்கள்.

மீன்காரர் இப்போது தன் வண்டியின் பக்க மூடியில், நிறுவனத்தின் பெயரோடு முழு இலக்கத்தையும் வெள்ளைப் பெயின்றால் எழுதி வைத்திருக்கின்றார். கடையில் வேறொன்றை நீட்டினால் வாக்குவாதப்படுவதில்லை. வண்டியை வாசல்வரை தள்ளிவந்து நிறுத்தி, அந்த எழுத்தைக் காட்டுகின்றார்.