பாஸ்வேர்டு போட்டிருந்தால் மட்டும் போதுமா?



ஆதார், பான், வீட்டுப் பத்திரம், டெபாசிட் ரசீது, பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். கேட்டால், "பாஸ்வேர்டு போட்டிருக்கேன் சார்" என்பீர்கள். அது வாசல் கதவுக்கு மட்டும்தான் பூட்டு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், எந்தப் பாஸ்வேர்டும் கேட்காமல் அத்தனையும் தெரியும்.

டிஸ்க்கில் இருப்பதையே சங்கேத எழுத்தாக்கி வைப்பதுதான் என்கிரிப்ஷன். கடைசி பெஞ்சில் எழுத்தை மாற்றி மாற்றி எழுதித் துண்டுச் சீட்டு அனுப்புவீர்களே, அதன் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் சீட்டை நான் படித்துவிடுவேன். இதைப் படிக்க முடியாது.) விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோமில் பெரும்பாலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்', ஆப்பிளில் ஃபைல்வால்ட். தனிக் காசு கிடையாது.

புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இது தானாக ஆன் ஆகிவிடுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் மதர்போர்டு மாற்றினால், நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பேரன் பேத்தி போட்டோ உட்பட எல்லாம் போச்சு.

அதனால் என் கட்சி இது: என்கிரிப்ஷன் கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தக் கீயைப் பேப்பரில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். "பேப்பர்லயா சித்தப்பா?" என்று என் அண்ணன் மகன் சிரிக்கிறான். பஸ்ஸில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவன் என் வீட்டு பீரோவுக்கு வரப்போவதில்லை. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், டெபாசிட் ரசீதைத் தேடப்போவது என் மனைவிதான். அவருக்கும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போவது என்ன பாதுகாப்பு?

சர்வீஸ் கடையில் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தால் டிஸ்க் முழுக்கத் திறந்துவிடும். அதனால் முக்கியமானவற்றை வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் தனிப் பெட்டியாகப் பூட்டி, அதற்கு வேறு பாஸ்வேர்டு வையுங்கள். வைரஸ் வந்தால் என்கிரிப்ஷன் காப்பாற்றாது. அதற்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகல் வேண்டும்.

வெளியூரில் இருப்பவர்கள் அடுத்த முறை வரும்போது அப்பா அம்மாவின் லேப்டாப்பில் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் கீயை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியும்படி எழுதுங்கள். உங்களில் பலர் கையெழுத்து எனக்குத் தெரியும்.