பிஜிக்குப் போகலாம், விபூதிப் பொட்டலத்தைச் சொல்லிவிட்டு

“தம்பி, பிஜிக்கு விசா வேணுமா?” ரந்தாவ் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது சிரம்பானில் வேலை பார்க்கும் ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என மொத்தம் ஐந்து பேர். பாலியும் கிராபியும் பார்த்தாகிவிட்டதாம். மாமியாரின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். அண்ணன் மலாயாக் கப்பலில் ஏற, தம்பி கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுத்த கப்பலில் ஏறிப் போனவர், அதோடு சரி. அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை.

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். போய் இறங்கியதும் நான்கு மாதம் வரை தங்க அனுமதி தருகிறார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அடையாளம் ஆகியவற்றைக் கேட்கலாம். கைக்குழந்தையானாலும் தனிக் கடப்பிதழ் வேண்டும். வருமான வரி பாக்கி வைத்திருக்கும் இளைஞர்கள், பயணத் தடை இருக்கிறதா என்று நம் குடிநுழைவுத் துறையின் இணையச் சேவையில் பார்த்துக்கொள்வது நல்லது. கவுண்டரில் போய் நின்று தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.

அக்காவிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “மாமியாரிடம் இருப்பது நீல அட்டையா, சிவப்பு அட்டையா?”

சிவப்புதான். தோட்டப்புறத்தில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் வளர்ந்த தலைமுறையில் இது புதுக் கதையல்ல. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. விசா விலக்கு என்பது மலேசியக் கடப்பிதழுக்குத்தானே தவிர, மலேசியாவில் எழுபது வருஷம் வாழ்ந்ததற்கு அல்ல. நாடற்ற நிரந்தரவாசிகள் நம் குடிநுழைவுத் துறையிடம் தனிப் பயணப் பத்திரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதைக் காட்டி பிஜியின் குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்களோ அங்கும் கேட்க வேண்டும். திரும்பி இந்த நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடியாது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பாட்டியின் பத்திரம், பிறகு மற்றவர்களின் டிக்கெட். மலிவு விலை டிக்கெட் கைநழுவிப் போனால் போகட்டும். யாருடைய ஆசைக்காகப் போகிறோமோ அவரையே கே.எல்.ஐ.ஏ.வில் விட்டுவிட்டுப் போவது என்ன பயணம்?

கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து பிஜி ஏர்வேய்ஸ் நேராகப் பறக்கிறது, ஏறக்குறைய பத்து மணி நேரம். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால், சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டியிருக்கும். அப்படியானால் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப மறக்காதீர்கள். ஆஸ்திரேலியா வழியாகப் போய் இரண்டு நாள் சிட்னியையும் பார்க்கலாம் என்றால், அந்நாட்டின் இடிஏ அனுமதி வேண்டும். ஆக்லாந்தில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் நியூசிலாந்தின் மின் பயண அனுமதி தேவை.

இனி பெட்டிக்குள் இருக்கும் சாமான்கள். நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான். பிஜியின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. பழம், கறிவேப்பிலை, வெற்றிலை, விதை, தேன், இறைச்சி, பால் பொருள்கள் எதையும் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கருவாடு, ஊறுகாய், மசாலாத்தூள், மரத்தில் செய்த சாமி சிலை எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். உருத்திராட்சமும் ஒரு விதைதான். விபூதி மாட்டுச் சாணத்திலிருந்து வருவது. ‘சாமி பொருளுக்கு என்ன’ என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள், இல்லை எடுத்துக்கொள்வார்கள். மறைத்துப் பிடிபட்டால்தான் அபராதம். தோட்டத்து மண் ஒட்டிய காலணியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. நம் செம்பனைத் தோட்டங்களில் குருத்தைக் குடைகிறதே காண்டாமிருக வண்டு, அது ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகளுக்குப் பரவி, 1950-களில் பிஜியின் தென்னைகளையும் பிடித்தது. அதைக் கட்டுப்படுத்த அங்கே விடப்பட்ட நச்சுயிரி, 1960-களில் மலேசியாவில் கண்டறியப்பட்டதுதான். நோயும் மருந்தும் நம் பக்கத்திலிருந்தே போயிருக்கின்றன.

இறங்கும் ஊரின் பெயரை ‘நடி’ என்று படிக்காதீர்கள், ‘நாண்டி’. பிஜி மொழியின் ஆங்கில எழுத்துகள் நம்மை ஏமாற்றும். ‘டி’ என்றால் ண்ட, ‘பி’ என்றால் ம்ப, ‘ஜி’ என்றால் ங. ‘லபாசா’ அல்ல, லம்பாசா. வானொலியில் பெயர் உச்சரித்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. நம் எழுத்தில் இந்த ஒலிகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நாண்டியில் முதலில் போக வேண்டிய இடம் ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில். கோபுரத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டில் நிற்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் பேசும் மொழியைக் கேட்டால் அது இந்தி. மாமியாரை இதற்குத் தயார்ப்படுத்திக் கூட்டிப் போங்கள். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903-க்குப் பிறகுதான் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய கால்பங்கினர் தென்னிந்தியர். அதிலும் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எனக் கலந்து இருந்தார்கள். லயத்தில் ஏற்கெனவே நிலைத்திருந்த மொழி இந்தி. அதைக் கற்றால்தான் பிழைப்பு. 1926-இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளை எழுப்பி, தமிழையும் தெலுங்கையும் காக்கப் பாடுபட்டது. இருந்தும் வீட்டில் பேச்சுமொழியாகத் தமிழ் தங்கவில்லை. கவுண்டர், பிள்ளை, முதலியார், நாயுடு என்று பெயர்கள் தங்கியிருக்கின்றன. ரந்தாவ் பக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒருவர் அங்கே போய், தன் முகச்சாயலில் ஒருவரைப் பார்த்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், பதில் ஆங்கிலத்தில் வரலாம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. நமக்கு லயத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி வாய்த்தது.

சங்கத்தின் ஆண்டு மாநாடும் விளையாட்டுப் போட்டிகளும் ஈஸ்டர் வாரக் கடைசியில் நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் தென்னிந்தியக் குடும்பங்கள் கூடும். சொந்தம் தேடிப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 2016 பிப்ரவரியில் அடித்த வின்ஸ்டன் புயலில், ராக்கிராக்கி ஊரின் சர்க்கரை ஆலை சேதமடைந்து பிறகு இயங்கவே இல்லை. அந்த ஆலைக்குப் பெயர் பினாங்கு என்பது உபரித் தகவல். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆண்டு நடுப் பள்ளி விடுமுறையே தோது.

சின்னச் சின்ன விஷயங்கள்: நம் மூன்று முனை பிளக் அங்கே சேராது, ஆஸ்திரேலிய மாதிரி அடாப்டர் வேண்டும். நேரம் நமக்கு நான்கு மணி முன்னால். வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. மலேரியா இல்லை, டிங்கி உண்டு. பூர்வகுடிகளின் கிராமத்துக்குப் போனால் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஊர்த் தலைவருக்கு யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது மரபு. சந்தையில் கிடைக்கும்.

சொந்தத்தைத் தேடுபவர்கள் தலைநகர் சுவாவுக்கும் போக வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றச் சீட்டுகள் இருக்கின்றன. ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர், வட்டம், வயது, உடலில் உள்ள மச்சம், ஏறி வந்த கப்பல் என எல்லாம் ஒரே தாளில். கங்காணி கூட்டி வந்த நம் தாத்தாக்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு தாள் கிடையாது. தம்பியின் சீட்டு கிடைத்தால் அண்ணனின் ஊரும் தெரிந்துவிடும். அதற்குப் பெயர் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் முனியனும் ராமசாமியும் கப்பலுக்கு ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டும். மாமியாரிடம் இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. ஊர்ப் பெயரை அவர் சொல்கிற மாதிரியே கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். அந்தக் கால வெள்ளைக்கார எழுத்தர் அதை எப்படி எழுதியிருப்பான் என்பதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.