தோட்டத்து உடம்பும் தேயும்

"தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டின உடம்பு, எலும்பெல்லாம் இரும்பு." மலேசியாவில் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பழைய தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெருமைதான், உண்மை அல்ல.

சுமை தாங்கும்வரைதான் எலும்பு கெட்டி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடு போய் அடுக்குமாடி வந்தது. அன்று தாங்கிய பளு இன்றைய எலும்புக்கு உதவாது. அதிலும் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளிலேயே எலும்பின் அடர்த்தி 20 விழுக்காடு வரை குறையலாம். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய பாட்டிக்கும் இதே கணக்குதான்.

மூட்டுகளையாவது அந்த உழைப்பு காத்ததா? தாழ்ந்த வெட்டுக்குக் குந்தியதும் தோளில் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்ததும் முட்டித் தேய்மானத்தைக் கூட்டும் வகை வேலைகள். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் எவ்வளவு தூக்குவது என்பதை நாம் முடிவு செய்கிறோம். தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கங்காணி முடிவு செய்தார்.

"தேய்ஞ்சு போச்சு, இனி அசையாம உட்காருங்கம்மா" என்பது பிள்ளைகளின் பாசம். இருப்பதிலேயே கேடான யோசனையும் அதுதான். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் அதற்கு ஊட்டம் போகும். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நல்ல உடல்நலத்தோடிருந்த முதியவர்கள் 10 நாள் படுக்கையில் கிடந்ததிலேயே கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தார்கள். மாறாக, 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் முதியோர் இல்லமொன்றைச் சேர்ந்த 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் பளுப் பயிற்சி செய்தார்கள். கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் முடியும் என்றால் அறுபத்தைந்தில் என்ன தயக்கம்?

எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவதும் தவறு. நீரிழிவு கட்டுப்படாவிட்டால் தசை வேகமாகக் கரையும், தோள்பட்டை இறுகும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கை தூக்க முடியாதவர் காண்டாவைத் திட்டுமுன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

"நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இல்லை" என்பது கடைசி வாதம். பதிவு பெறாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி உடனே போகும். நாளடைவில் அந்த ஸ்டீராய்டே எலும்பை அரிக்கும், சர்க்கரையையும் ஏற்றும்.

வீட்டுப் பெரியவர்களை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழக்குங்கள். சாதாரணமாக வழுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாமல் எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டுமா என்று அரசு கிளினிக் மருத்துவரிடம் கேளுங்கள்.