பயிர் உழவனுடையது, வேட்டை யாருடையது?

பிரிட்டிஷ் கிராமங்களில் துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தொப்பி அணிந்த துரை, பக்கத்தில் வேட்டை நாய், தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி என்ற படம்தான். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கோதுமையையும் பட்டாணியையும் முயலிடமிருந்தும் புறாவிடமிருந்தும் காப்பாற்ற வேலியோரம் காத்து நிற்கும் சாதாரணக் குத்தகை விவசாயி. இந்த இரண்டு பேருக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கு இருந்து வருகிறது. காட்டு விலங்குகளுக்கு வெள்ளாமையைப் பறிகொடுக்கும் நம் சிறு விவசாயிகள் அதன் விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

1671-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு சட்டப்படி, நிலத்திலிருந்து ஆண்டுக்கு நூறு பவுனாவது வருமானம் உள்ளவர்தான் பொதுவாக முயலையும் கவுதாரியையும் வேட்டையாடலாம். அந்தக் காலத்தில் நூறு பவுன் என்பது பெரிய பண்ணையாருக்குத்தான் கிடைக்கும். சொந்தக் காணியை உழுது பிழைப்பவன்கூடத் தன் பயிரைத் தின்ற பெருமுயலைத் தொட்டால் குற்றவாளி. இரவில் திருட்டு வேட்டைக்குப் போய் மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழாண்டு நாடு கடத்தவும் 1828-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. நூறு பவுன் நிபந்தனை 1831-ல் நீங்கியது. லைசென்ஸ் கட்டணம் செலுத்தியவர் யாரும் வேட்டையாடலாம் என்று ஆயிற்று.

ஆனால் குத்தகைக்காரனின் நிலை அதனால் மாறவில்லை. வேட்டை உரிமை முழுவதும் நிலச் சொந்தக்காரருக்கே என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரியில் காரியம் முடிந்தது. விதை குத்தகைக்காரனுடையது, எரு அவனுடையது, உழைப்பு அவனுடையது. முளைத்து வந்ததைத் தின்னும் முயல் மட்டும் பண்ணையாருடையது. பண்ணையார் விருந்தாளிகளோடு வந்து சுட்டு மகிழ்வதற்காக முயல் பெருகியது. நிலம் வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாதவனுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

முயல் சின்னப் பிராணிதானே என்று நினைக்க வேண்டாம். 1953-ல் மிக்ஸோமடோசிஸ் என்னும் நோய் பிரிட்டனின் கென்ட் மாவட்டத்தில் தோன்றி, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நாட்டு முயல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழித்துவிட்டது. பல பண்ணைகளில் வேலியோர நிலம் இவ்வளவு விளையும் என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை அந்த விளைச்சல் முயல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இந்த அநியாயத்தை ஓரளவு திருத்தியது 1880-ம் ஆண்டுச் சட்டம். கிளாட்ஸ்டன் பிரதமராக இருந்தபோது வந்தது; இன்றும் அமலில் இருக்கிறது. நிலத்தை யார் சாகுபடி செய்கிறாரோ அவருக்கு, அந்த நிலத்திலுள்ள முயலையும் பெருமுயலையும் கொல்லும் உரிமை உண்டு என்று அது சொல்லுகிறது. நிலச் சொந்தக்காரருக்கும் உரிமை இருக்கலாம். ஆனால் அவருக்கு மட்டும் என்பது கூடாது. துப்பாக்கியை விவசாயியும், அவர் எழுத்து மூலம் அனுமதித்த இன்னொருவரும் மட்டுமே பயன்படுத்தலாம். ஊரையே கூட்டி வந்து சுட முடியாது.

அந்தச் சட்டத்தின் உயிர் வேறொரு வாசகத்தில் இருக்கிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குத்தகைக்காரன் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. ஒப்பந்தச் சுதந்திரம் பறிபோகிறதே என்று பண்ணையார்கள் குறைப்பட்டார்கள். என்ன சுதந்திரம்? வேறு வழியில்லாமல் கைநாட்டு வைப்பவனுக்கு, வைத்தாலும் செல்லாது என்று சொல்வதுதான் பாதுகாப்பு. என் கருத்தில், பிரிட்டிஷ் வேட்டைச் சட்டங்களில் உழவனுக்கு உண்மையாகப் பயன்பட்ட சட்டம் இது ஒன்றுதான்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1878-ல், அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அங்கே பயிரைக் காக்கத் துப்பாக்கி, இங்கே துப்பாக்கி வைத்திருந்தாலே சந்தேகம். இதைச் சொல்லாமல் 1880-ம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

இன்று பிரிட்டனிலும் துப்பாக்கி வைத்திருப்பது எளிதல்ல. 1968-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தலைமை அதிகாரி சான்றிதழ் கொடுக்க வேண்டும். ரைபிளுக்குக் கெடுபிடி அதிகம். எதற்காக வேண்டும், எந்த நிலத்தில் சுடப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். எந்த ரக ரைபிள், கையிருப்பில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஒரே தடவையில் எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் சான்றிதழிலேயே எழுதியிருக்கும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். 1987-ல் ஹங்கர்ஃபோர்டிலும் 1996-ல் டன்பிளேன் பள்ளியிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு, பல வகைத் துப்பாக்கிகளை அடியோடு தடை செய்தார்கள்.

இந்தக் கெடுபிடியை நான் குறை சொல்ல மாட்டேன். முயல் சுடும் சின்ன ரைபிளின் குண்டுகூட, தடுக்க மண்மேடு இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும். வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பவர் யார் என்று முயலைக் குறிபார்ப்பவருக்குத் தெரியாது. பல ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியின் வீச்சு, ஏறத்தாழ நாற்பது கெஜம். புறாவுக்கு அதுவே ஏற்றது.

ரவையிலும் ஒரு சங்கடம் உண்டு. இரையை அரைப்பதற்காகக் கோழி சிறு கல்லைக் கொத்தி விழுங்குவதை நாம் தினமும் பார்க்கிறோம். வயலிலும் குளத்திலும் விழுந்து கிடக்கும் ஈய ரவையை அங்குள்ள பறவைகள் அதே போல விழுங்கி, ஈய விஷத்தால் சாகின்றன. இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளை ஈய ரவையால் சுடுவது 1999-லேயே தடை செய்யப்பட்டது. வேட்டைக்கான ஈய ரவையையும் பெரிய ரக ஈயக் குண்டுகளையும் பொதுவாகவே நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் அரசாங்கம் அறிவித்தது. 2029-க்குள் அமலாக வேண்டும் என்பது திட்டம். எஃகு ரவைக்கு மாறத்தான் வேண்டும்.

புறா விஷயம் வேறு. அங்கே காட்டுப்புறா, முளைத்து வரும் பட்டாணியையும் கடுகு இனத்து எண்ணெய் வித்துப் பயிரையும் கூட்டமாக இறங்கி மொட்டையடித்துவிடும். பயிருக்குக் கடும் சேதம் வராமல் தடுக்க, ஒவ்வொருவரும் மனுப் போடத் தேவையில்லாத பொது உரிமம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரலில் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சட்டப்படி எதிர்த்ததால், அந்த உரிமங்களை இங்கிலாந்தின் அதிகாரிகள் ஓரிரு நாள் அவகாசத்தில் ரத்து செய்தார்கள். உரிமம் எழுதிய முறையில் குறை இருந்தது உண்மை. ஆனால் பட்டாணி இரண்டு இலை விட்டிருக்கும் நேரம் பார்த்தா? மாற்று உரிமங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஜூன் மாதம்தான் நிலைமை சீரானது. அலுவலகத்துக் கணக்கில் அது சில வாரத் தாமதம். முளைப் பருவத்தில் அது ஒரு போகம்.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருவோம். ஃபெசன்ட் என்பது காட்டுக்கோழி போன்ற அழகான பறவை. ஆண்டுதோறும் மூன்று கோடிக்கும் அதிகமான ஃபெசன்ட்களைப் பண்ணையில் வளர்த்து, வேட்டைக்காகவே பிரிட்டனின் காடு கழனிகளில் திறந்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முதல் தேதி வரை பருவம். பணம் கட்டி வேட்டைக்கு வருபவர்களால் கிராமத்தில் சிலருக்கு வேலையும் கூலியும் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பறவையும் அக்கம்பக்கத்து மான்களும் மேய்வது குத்தகைக்காரன் பயிரில். 1880-ம் ஆண்டுச் சட்டம் முயலோடு நின்றுவிட்டது. ஃபெசன்டையும் மானையும் பண்ணையார் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு ஈடாகத்தான் நஷ்டஈடு வந்தது. முதலில் 1906-ம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இப்போது இருப்பது 1986-ம் ஆண்டுச் சட்டம். தான் சுட அனுமதியில்லாத வேட்டைப் பிராணி தன் பயிரை அழித்தால், குத்தகைக்காரர் நிலச் சொந்தக்காரரிடம் ஈடு கேட்கலாம். சேதம் தெரிந்த ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறுவடை தொடங்கும் முன்பே வந்து பார்க்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். தொகையில் தகராறு என்றால் மத்தியஸ்தம். அரசாங்கத்திடம் மனுப் போட்டுக் காத்திருப்பதில்லை. யாருடைய வேட்டைக்காகப் பிராணி வளர்கிறதோ அவரே கொடுக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு.

ஆனால் 1995 செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு தொடங்கிய குத்தகைகளில் பெரும்பாலானவை வேறொரு புதிய சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் வேட்டைப் பிராணிச் சேதத்துக்குக் கட்டாய நஷ்டஈடு இல்லை. பத்திரத்தில் எழுதிக்கொண்டால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. 1880-ல் முயலுக்குச் சொன்னது போல, எதிராக எழுதினாலும் செல்லாது என்று ஒரு வரியை ஃபெசன்டுக்கும் மானுக்கும் சேர்த்திருந்தால் போதும், சேர்க்கவில்லை. ஆகவே இன்று அங்கே விவரம் தெரிந்த குத்தகைக்காரர், கையெழுத்துக்கு முன்பே வக்கீலைப் பார்த்து நஷ்டஈட்டு வாசகத்தைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுகிறார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், வந்த பத்திரத்தில் அப்படியே கையெழுத்துப் போடுகிறார்.