உடலுக்கொரு வாட்டு, உளத்துக்கொரு வாட்டா?

உடல்நோயால் வாடுவோரின் உளநோயைத் தீர்ப்பதற்கென உளமருத்துவர்க்குத் தனியானதொரு சிறப்புப் பயிற்சி வேண்டுமா என வினவுவோர் நம்மிடையே உளர். உளமருத்துவரே போதாத நாட்டில் இஃது ஆடம்பரம் என்பது அவர்தம் வாதம். அமெரிக்கா 2003இல் இதனைச் சிறப்புத் துறையாக ஏற்றதென்றால், செல்வந்தர் கதை நமக்கெதற்கு என்பர். செல்வந்தரை விடுவோம், பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வருவோரை நோக்குவோம்.

கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, கைகால் எரிகிறது என்றே வருகிறாள். அவளுக்கு நீரிழிவும் இருக்கலாம். அவ்வெரிவு நரம்பினதா, துயரினதா, இரண்டினதுமா எனப் பிரித்தறிதல் பொதுப்படிப்பின் ஓரத்தில் கற்றுக்கொள்ளும் வித்தையன்று. நிமோனியாவில் இரவெல்லாம் பிதற்றும் முதியவர் பித்தரல்லர். அவருக்கு வேண்டியது அங்கொடையன்று, தொற்றுக்கான மருந்து. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு லிதியம் நஞ்சாகலாம். சிறுநீரக நோய் மலிந்த கிராந்துருக்கோட்டை இதே பதுளை மாவட்டத்திலன்றோ உள்ளது?

நஞ்சு என்றதும் மற்றொன்று. 1995ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்ட இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் பெரிதும் தாழ்ந்தது. பராகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. இவற்றால் உயிர் பிழைத்தோர் பலர். ஆயின் நஞ்சருந்திப் பிழைத்தவர் முதலிற் படுத்திருப்பது பொது மருத்துவ வாட்டிலே. குருதிச் சோதனை சீரானதும் துண்டு வெட்டி அனுப்பிவிட்டால், அவர் மீள்வது அதே லயத்துக்கும் அதே கடனுக்குமே. ஏன் அருந்தினாய் என்று கேட்கத் தெரிந்தவர் அக்கட்டிலருகே நிற்றல் வேண்டும்.

எம்மொழியிற் கேட்பது? 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மகனை மொழிபெயர்ப்பாளனாக்கி, சாக நினைத்தாயா என்று தாயிடம் வினவுவது மருத்துவமுமன்று, மரியாதையுமன்று.

உளமருத்துவர் சிலரே என்பது உண்மை. அதனாலேயே இப்பயிற்சி வேண்டும் என்கிறோம். தம் கிளினிக்கிலேயே அமர்ந்திருப்பவர் தம்மிடம் வருவோரை மட்டுமே காண்பார். வாட்டுதோறும் செல்பவரோ பொது மருத்துவருக்கும் தாதியருக்கும் தோட்ட மருத்துவ உதவியாளருக்கும் தம் கண்ணைக் கொடுத்துச் செல்வார். ஆகவே பயிலுநர் ஆறு மாதமேனும் பதுளையிலும் தோட்ட மருந்தகங்களிலும் பணியாற்றுதல் வேண்டும். நோயாளியைத் தமிழில் வினவப் பழகியதைத் தேர்விலும் காட்டுதல் வேண்டும். கொழும்பிலிருந்து பாடத்திட்டம் வகுப்போர் இதற்கு என்ன விடை தருவர்?